இன்ஜஸ்டிஸ் 2: அடிக்கும் முன் தடுக்கப் பழகுங்கள்

பள்ளிக்கூட விடுமுறைக்கு அக்கரைப்பற்றிலிருந்து மருமகன் கல்லடிக்கு வந்தால், பையை வைத்த கையோடு கேட்பது இதைத்தான்: "மாமா, சுப்பர்மேன் கேம் போடுவமா?" போன முறை வந்தபோது பத்து ஆட்டம் விளையாடினோம். பத்திலும் தோற்றான், கண் கலங்கிவிட்டது. அவன் விரல்களைக் கவனித்தேன். நான்கு பட்டனையும் ஒன்றாகப் போட்டு அடித்துக்கொண்டிருந்தான். பின்பக்க அம்புக்குறியை ஒருமுறைகூட அழுத்தவில்லை. அதாவது, ஒரு அடியைக்கூட அவன் தடுக்கவில்லை.

அதன் பிறகு மூன்று பின்னேரம் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் என்னை இரண்டு தடவை வென்றான். அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததை அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம். சுப்பர்மேன், பட்மேன் போன்றவர்கள் ஒருவரோடு ஒருவர் மோதும் சண்டை வீடியோ கேம் இது. நெதர்ரெல்ம் ஸ்டூடியோஸ் உருவாக்கிய இது 2017 மே மாதம் பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பொக்ஸ் வன் இரண்டுக்கும் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் கம்பியூட்டருக்கும் வந்தது. முதல் பாகம் 2013இல் வெளியானது. ஜோக்கரின் சூழ்ச்சியில் மனைவி லோயிஸைப் பறிகொடுத்த சுப்பர்மேன் கொடுங்கோலனாக மாறுகிறான், பட்மேன் அவனை எதிர்க்கிறான். அங்கே தொடங்கிய கதை இரண்டாம் பாகத்தில் பிரெய்னியாக் என்ற வேற்றுக்கிரக வில்லனின் படையெடுப்பில் வந்து நிற்கிறது. கீழே சொல்லும் பட்டன்கள் எல்லாம் பிளேஸ்டேஷன் கொன்ட்ரோலருக்கு உரியவை.

படி 1: பட்டன்களை அறிந்துகொள்ளுங்கள்

சதுரம் மெல்லிய அடி, முக்கோணம் நடுத்தர அடி, எக்ஸ் பலமான அடி. வட்டம் அந்தந்தப் பாத்திரத்துக்கே உரிய தனிச் சக்தி. எல்1 பிடித்து எறிவதற்கு, ஆர்1 மேடையில் கிடக்கும் பொருட்களைப் பயன்படுத்துவதற்கு. நகர்வதற்கு அனலாக் குச்சியை விட அம்புக்குறி பட்டன்களே நல்லது. "கீழ், பின், சதுரம்" என்று வரிசையாக அழுத்தும்போது விரல் தவறாது.

படி 2: தடுப்பு

இங்கே அவசரப்பட வேண்டாம். முழுப் பின்னேரத்தையும் இதற்கே கொடுங்கள்.

தடுப்பதற்கென்று தனிப் பட்டன் கிடையாது. எதிராளி நிற்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் அழுத்திப் பிடித்தால் உங்கள் பாத்திரம் தடுக்கும். அவன் உங்கள் தலைக்கு மேலால் பாய்ந்து மறுபக்கம் இறங்கினால் உங்கள் பின்பக்கமும் மாறிவிடும். புதியவர்கள் அதிகம் அடி வாங்குவது இந்த இடத்தில்தான்.

தடுப்பில் இரண்டு வகை உண்டு. நின்று தடுத்தால் காலுக்கு வரும் அடி விழும். குந்தித் தடுத்தால், அதாவது கீழும் பின்னும் சேர்த்துப் பிடித்தால், கால் அடி நிற்கும். ஆனால் மேலிருந்து இறங்கும் அடி தலையில் விழும். அப்படியானால் எதை நம்புவது? குந்தித் தடுப்பதையே வழக்கமாக்குங்கள். கால் அடிகள் பெரும்பாலும் வேகமானவை, பார்த்துத் தடுக்க நேரம் கிடைக்காது. மேலிருந்து வருபவை பெரும்பாலும் மெதுவானவை, கை ஓங்குவது கண்ணுக்குத் தெரியும். தெரிந்ததும் எழுந்து நின்று தடுங்கள்.

இதற்கு ஒரு பயிற்சி இருக்கிறது. பக்கத்தில் இருப்பவர் இரண்டே அடிகளை மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். ஒன்று கீழும் எக்ஸும் சேர்த்து அழுத்தும் கால் வாரல். மற்றது முன்னும் எக்ஸும் சேர்த்து அழுத்தும் மேலடி. நீங்கள் திருப்பி அடிக்கவே கூடாது, தடுக்க மட்டும் வேண்டும். மருமகன் முதல் இருபது அடியில் பதினைந்தை வாங்கினான். அரை மணி நேரத்தில் பத்துக்கு இரண்டுதான் அவன் மேல் விழுந்தது. தனியாக இருந்தால் பயிற்சிப் பகுதிக்குப் போய் எதிராளியின் அசைவைப் பதிவு செய்து ஓடவிடலாம்.

ஒன்றை மறக்க வேண்டாம். பிடித்து எறிவதைத் தடுப்பு நிறுத்தாது. தடுத்துக்கொண்டே இருப்பவனை எல்1 கொண்டுதான் அசைக்க வேண்டும்.

படி 3: ஒரே ஒரு பாத்திரம்

தெரிவுத் திரையில் அடிப்படையாக 28 பேர் இருக்கிறார்கள். பிறகு சேர்ந்தவர்களோடு 38. புதியவர்கள் ஆட்டத்துக்கு ஓர் ஆளை எடுத்துப் பார்ப்பார்கள், கடைசியில் எவரையும் அறிய மாட்டார்கள்.

நம் ஊர்க் கூத்துக்களரியில் அரசன் களரிக்கு வர ஒரு வரவுத்தாளம், வேடனுக்கு வேறொரு தாளம் என்று இருக்கிறதல்லவா? இங்கும் அப்படித்தான். ஒவ்வொருவருக்கும் தனி நடை, தனி வேகம், தனித் தூரம். ஒருவனுடைய தாளம் காலில் ஏறுவதற்கு முன் அடுத்தவனுக்கு மாறினால் இரண்டுமே கலைந்துவிடும். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒருவருக்கு ஒரு பாத்திரத்தைக் கொடுத்து, கிழமைக்கூத்து என்ற வாராந்த ஒத்திகையில் மாதக்கணக்கில் பழக்குவதை நினைத்துக்கொள்ளுங்கள்.

புதியவருக்கு நான் முதலில் கையில் கொடுப்பது சுப்பர்மேனைத்தான். தூரத்தில் நிற்பவனைக் கண்களால் சுடலாம், கிட்ட வந்தவனைக் கையால் அடிக்கலாம். வட்டம் அழுத்தினால் சிறிது நேரம் அடியின் பலம் கூடும். எல்லாம் நேரடியானது, நினைவில் வைப்பது சுலபம்.

வாவிக்கரைப் பிள்ளைகளுக்கு அக்வாமேன் மேல் தனி ஆசை, எனக்கும்தான். அவனுடைய திரிசூலம் நீளமானது. மற்றவர் கை எட்டாத தூரத்தில் நின்றே குத்தலாம். அந்தத் தூரத்தைக் காப்பதுதான் அவனை ஆடும் கலை.

துப்பாக்கியும் அம்பும் பிடிக்கும் என்றால் டெட்ஷொட் அல்லது கிரீன் அரோ. அரோவின் தனிச் சக்தி அம்பின் வகையை மாற்றுவது. கிட்ட நெருங்கிப் பிடித்து எறிய விரும்புபவருக்கு பேன் (Bane) என்ற பலசாலி. வெனம் என்ற மருந்தை ஏற்றினால் அவன் வலிமை கூடும், நேரம் முடிந்ததும் தளர்ந்துபோவான். அந்தத் தளர்ச்சியைத் தாங்கத் தெரியாமல் அவனை எடுக்க வேண்டாம். அட்ரோசிட்டஸோடு டெக்ஸ்-ஸ்டார் என்ற பூனையும் சண்டைக்கு வரும். மருமகன் அந்தப் பூனைக்காகவே அவனைக் கேட்டு அடம் பிடித்தான். ஆசைப்பட்ட ஆளோடுதான் அதிக நேரம் இருப்போம் என்பதால் விட்டுக்கொடுத்தேன்.

படி 4: நான்கு அடி போதும்

ஆட்டத்தை நிறுத்தி அடிப்பட்டியலைத் திறந்தால் பெரிய பட்டியல் வரும். அதிலிருந்து நான்கை மட்டும் எடுங்கள். கீழும் முக்கோணமும் சேர்ந்த மேல்குத்து ஒன்று, பாய்ந்து வருபவனை அதுதான் வானத்திலேயே நிறுத்தும். வேகமான ஒரு மெல்லிய அடி. தூரத்திலிருந்து எறியும் அல்லது சுடும் ஒரு விசேஷ அடி. இரண்டு மூன்று பட்டனில் முடியும் சிறிய கொம்போ, அதாவது தொடர் அடி, ஒன்று. இந்த நான்கும் பத்துக்கு எட்டு முறை சரியாக விழும் வரை ஐந்தாவதைத் தேட வேண்டாம்.

படி 5: சக்திக் கோடு

திரையின் கீழே நான்கு கட்டம் இருக்கும். அடித்தாலும் அடி வாங்கினாலும் அது நிறையும். நான்கும் நிறைந்தபின் எல்2, ஆர்2 இரண்டையும் சேர்த்து அழுத்தினால் பெருந்தாக்குதல். ஃபிளாஷ் எதிராளியை இழுத்துக்கொண்டு காலத்தில் பின்னோக்கி ஓடி, எகிப்தின் ஸ்பிங்ஸ் சிலையிலும் டைனோசரிலும் மோதுவதைப் பார்க்க எத்தனை முறையும் அலுக்காது. ஆனால் தூரத்திலிருந்து சும்மா அழுத்தினால் எதிராளி தடுத்துவிடுவான், நான்கு கட்டமும் போய்விடும். கொம்போவின் நடுவில் விடுங்கள். இல்லையென்றால் விசேஷ அடியோடு ஆர்2 சேர்த்து ஒரு கட்டத்தை மட்டும் செலவழித்து அதைப் பலப்படுத்துங்கள். புதியவருக்கு இதுதான் அதிக பயன்.

ஒவ்வொருவருக்கும் இரண்டு உயிர்க்கோடு. முதலாவது தீர்ந்தாலும் எதிராளியின் உயிர் திரும்ப நிரம்பாது, சண்டை விட்ட இடத்திலிருந்து தொடரும். இரண்டாவது கோட்டில் இருக்கும்போது, கொம்போவில் சிக்கினால் முன்னும் ஆர்2ம் அழுத்தி மோதலுக்கு அழைக்கலாம். இருவரும் சக்திக் கட்டங்களைப் பணயம் வைப்பார்கள். அழைத்த நீங்கள் வென்றால் உயிர் கொஞ்சம் திரும்பும், எதிராளி வென்றால் உங்களுக்கு இன்னும் அடி. ஆட்டத்துக்கு ஒருமுறைதான். அதனால் கடைசி வரை இரண்டு கட்டமாவது சேமித்து வையுங்கள்.

படி 6: மேடை

பொருட்களுக்கு அருகில் போனதும் ஆர்1 அழுத்திப் பாருங்கள். ஒரே பொருளை ஒருவன் தூக்கி எறிவான், இன்னொருவன் அதில் உதைத்துப் பாய்வான். மூலையில் அகப்பட்டவனுக்கு வெளியே வர இது நல்ல வழி.

படி 7: வீட்டில் இருவராக விளையாடும்போது

இந்த விளையாட்டில் கவசம், உடை எல்லாம் சேர்க்கலாம். அவை பலத்தையும் மாற்றும். பல நாள் விளையாடியவரின் பாத்திரம் அப்படியே வலுவாகியிருக்கும், புதிதாக வந்த பிள்ளைக்கு அது அநியாயம். போட்டி முறையைத் தெரிவு செய்தால் அந்தப் பலங்கள் கணக்கில் வராது. நான் அதைச் செய்யாமல் விளையாடியதும் அந்தப் பத்துத் தோல்விக்கு ஒரு காரணம். மருமகனிடம் அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல மாமா, இப்ப போடுங்க" என்று பூனைக்காரனை எடுத்துக்கொண்டு குந்தித் தடுத்தபடி காத்திருந்தான்.