கிளிநொச்சியிலிருந்து கடற்கரை ஹோட்டலுக்கு: கண்ணாடிச் சிற்பமும் ஓவியமும் காட்சிக்கு வைக்கும் முறை

கிளிநொச்சியில் படங்களுக்குப் பிறேம் போடுகிற கடை வைத்திருக்கிறேன். வருகிறதில் பாதி, இல்லாமற்போனவர்களின் படங்கள். அவற்றைத் தூக்கித் துடைத்துப் பழகிய கை என்பதால் கண்ணாடி என்றால் எனக்கு அவசரம் வராது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் இப்போது மின்சூளையில் கண்ணாடியை உருக்கிச் சிற்பம் செய்கிறார்கள், ஓவியமும் கீறுகிறார்கள். திருகோணமலை நிலாவெளிப் பக்கத்துப் பெரிய ஹோட்டல் ஒன்று அவர்களைக் கூப்பிட்டபோது, ஏற்றி இறக்கிப் பொருத்துகிற வேலையை நான் எடுத்தேன். இனிப் போகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் தடவை வெறுங்கையோடு போய் வெளிச்சத்தை மட்டும் பாருங்கள். காலை, மத்தியானம், பொழுதுபடும் நேரம் என்று மூன்று தரம் மண்டபத்தில் நில்லுங்கள். கிழக்குக் கடற்கரை ஹோட்டலில் கடல் பக்கம் முழுக்கக் கண்ணாடிச் சுவராக இருக்கும். விடியற்கால வெயில் நேரே உள்ளே வரும். நான் அதைப் பார்க்காமல், தேங்காய் அளவான ஒரு கண்ணாடி உருண்டையை அந்தப் பக்கம் வெள்ளைச் சீலையில் வைத்தேன். அடுத்தநாள் காலை சீலையில் மிளகளவுக்கு ஒரு வெளிச்சப் பொட்டு. குனிந்து பார்த்துக்கொண்டிருக்கவே அந்த இடம் மண்ணிறமாகி, மயிரிழை போலப் புகை எழும்பியது. திரண்ட கண்ணாடி வெயிலைக் குவிக்கும், நெருப்பே பிடிக்கும். ஆகவே உருண்டை, குமிழ், தண்ணீர் நிரப்பிய பாத்திரம் எதையும் நேர்வெயில் படுகிற இடத்தில் வைக்கவே கூடாது.

நிறக்கண்ணாடிக்கு எதிரே ஓவியம் மாட்டுவதும் பிழை. கோபால்ட் சேர்த்த நீலத் துண்டு ஒன்றின் நிழல் பக்கத்து ஓவியத்தில் விழுந்து, அறுவடை வயல் முழுக்கக் குளம் போலத் தெரிந்தது. கீறிய பிள்ளைக்கு அழுகை வந்துவிட்டது.

நிறையை முன்னமே கணக்குப் பாருங்கள். ஒரு சதுர மீற்றர் கண்ணாடி, ஒரு மில்லிமீற்றர் தடிப்புக்கு 2.5 கிலோ. இரண்டடிக்கு மூன்றடி, 6 மில்லிமீற்றர் தகடு 8 கிலோவைத் தாண்டும். தகட்டைப் படுக்க வைத்து ஏற்றாதீர்கள். விளிம்பில் நிமிர்த்தி, சற்றே சாய்த்து, பட்டா என்கிற சின்ன லொறியின் முன்பலகையோடு சேர்த்துக் கட்டுங்கள். சிற்பத்தைப் பழைய பருத்திச் சாரத்தால் சுற்றிய பிறகுதான் வைக்கோல். வைக்கோலில் மண்குறுணி இருக்கும், நேரே பட்டால் கீறிவிடும். ஓவியத்தின் முகத்தில் குமிழ்த்தாளை ஒட்டச் சுற்றவே வேண்டாம். வெக்கையில் அக்றிலிக் வர்ணம் இளகும். குமிழ் வட்டம் வட்டமாக அதில் பதிந்துவிடும். கேக் வேகவைக்கப் பாவிக்கிற ஒட்டாத தாளை முதலில் வையுங்கள்.

போய்ச் சேர்ந்தவுடன் பெட்டியை உடைக்கிற ஆசையை அடக்குங்கள். வவுனியா, ஹொரவப்பொத்தானை என்று வெயிலில் வந்த கண்ணாடியைக் குளிரூட்டிய மண்டபத்தில் சடாரென்று திறந்தால், தடித்த துண்டுகள் வெடிக்கக்கூடும். மூடியபடியே இரவு முழுக்க மண்டபத்துக்குள் விடுங்கள். நாங்கள் விட்டோம், ஒன்றும் கெடவில்லை.

பீடம்தான் என் கவலை எல்லாம். வெறும் பீடத்தின் மேல் விளிம்புமுட்டத் தண்ணீர் நிரப்பிய தம்ளரை வைத்து, பக்கத்தில் நாலு பேரை நடக்கவிடுங்கள். தண்ணீர் அலைந்தால் அந்தப் பீடத்தின் அடிக்குள் மணல் மூட்டை போடவேண்டும். மேற்பலகையில் அரை அங்குலம் குடைந்து, தடித்த கம்பளித் துணி விரித்து, சிற்பத்தின் அடியை அதற்குள் அமர்த்துகிறேன். தச்சு வேலை கூடுதல்தான், ஆனால் இரவில் நிம்மதியாக நித்திரை வரும். தொங்கவிடுகிற துண்டுக்குத் தங்கூசி, அதாவது மீன்பிடிக்கிற நைலோன் இழை, கேட்பார்கள், கண்ணுக்குத் தெரியாது என்று. முல்லைத்தீவில் மீனுக்கு அது நல்லது. நிறை தொங்கத் தொங்க இழுபடும். துருப்பிடிக்காத உருக்குக் கம்பிதான் கடல்காற்றுக்கும் தாங்கும்.

தெளிந்த கண்ணாடிக்குப் பின்னாலிருந்தோ அடியிலிருந்தோ வெளிச்சம் கொடுங்கள், ஒளி புகாததற்கு முன்னாலிருந்து. ஓவியத்தின் நடு, நிலத்திலிருந்து 150 சென்றிமீற்றர் அளவில் வரட்டும். நீர்வர்ணம் வெளிச்சத்தில் வெளிறும், அதை யன்னலுக்கு எட்டத்தில் மாட்டுங்கள்.

பெயர்ப்பலகையை ஆங்கிலத்தில் மட்டும் போடுவோம் என்று ஹோட்டலில் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. செய்த பிள்ளையின் தாய் வந்து நின்று வாசிக்கவேண்டும். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் போட்டோம். பச்சைக்கு இரும்பு, நீலத்துக்குக் கோபால்ட் என்று நிறம் வந்த வழியையும் எழுதினோம். ஆட்கள் அதை வாசித்துவிட்டுத் திரும்பவும் துண்டைப் பார்த்தார்கள்.

திறப்புக்கு முதல்நாள், துப்புரவு செய்கிறவர்களோடு அரை மணித்தியாலம் இருங்கள். எங்களிடம் ஒரு அக்கா வந்து, “தம்பி, இதுக்கும் அந்த யன்னல் துடைக்கிற நீல மருந்தை அடிக்கலாமோ?” என்று கேட்டார்.

“வேண்டாமக்கா. அடிச்சால் பக்கத்துப் படத்திலையும் தெறிக்கும். காய்ஞ்ச பருத்தித் துணியால மெல்லமாத் துடையுங்கோ. மோதிரத்தைக் கழட்டி வைச்சிட்டு.”

அவர் அப்போதே மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, முதல் துண்டைத் தானே துடைத்துக் காட்டினார்.