தண்டால் எடுக்கும்போது முழங்கையைப் பாருங்கள்

காலையில் மைதானத்துக்குப் போனால் மூன்று பையன்கள் தினமும் தண்டால் எடுத்துக்கொண்டிருப்பார்கள். ஒருவன் எடுக்க, இன்னொருவன் சத்தமாக எண்ணுவான். பதினெட்டு வயதில் நான் செய்த அதே தப்பை அப்படியே செய்கிறார்கள், பார்த்துவிட்டுச் சும்மா நகர முடியவில்லை. வார்ம்-அப் செய்யுங்கள், கழுத்தைத் தொங்கவிடாதீர்கள் என்பதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான், அதை விட்டுவிடுகிறேன்.

முழங்கையை விரிப்பது

கையை அகலமாக ஊன்றி, முழங்கை தோளுக்கு நேராகப் பக்கவாட்டில் போகும்படி இறங்குகிறார்கள். மேலிருந்து பார்த்தால் சிலுவை மாதிரி இருக்கும். கை அகலமானால் இறங்கும் தூரம் குறையும், எண்ணிக்கை கூடும், அதனால்தான் இந்தப் பழக்கம் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் தோள் மூட்டுக்கு மேலே எலும்பு ஒரு கூரை போல நிற்கிறது, அதற்கும் கை எலும்பின் தலைக்கும் நடுவிலுள்ள குறுகலான சந்தில்தான் தசைநார் போகிறது. கையை இப்படி விரித்து எடையைப் போட்டால் அந்தச் சந்து நெருங்கி நார் உரசலாம். தண்டாலில் உடல் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைக் கைகள் தாங்குகின்றன, 60 கிலோ ஆளுக்குக் கிட்டத்தட்ட 40 கிலோ. அதையே தினமும் ஐம்பது தடவை என்றால் யோசித்துப் பாருங்கள்.

விடுதியில் பந்தயம் கட்டி எடுத்த காலத்தில் எனக்கு வலது தோள் வலிக்க ஆரம்பித்தது. நெஞ்சு விரிய வேண்டுமென்றால் வலிக்கத்தான் செய்யும் என்று அப்போது ஜிம்மில் ஒருவர் சொன்னார், நானும் நம்பி இன்னும் ஒரு மாதம் எடுத்தேன். அந்தப் பேச்சை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது. நெஞ்சுத் தசை இழுத்துப் பிடிப்பது வேறு, தோள் மூட்டுக்குள் குத்துவது வேறு. குத்தினால் அன்றோடு நிறுத்துங்கள். நான் நிறுத்தாததால் ஆணியில் மாட்டிய சட்டையை எடுக்கக்கூடக் கை உயரவில்லை, குணமாக நான்கு மாதம் ஆனது.

உள்ளங்கை தோளைவிடச் சற்றே அகலமாக, நெஞ்சின் நடுப்பகுதிக்கு நேராக இருக்கட்டும். முழங்கை உடம்போடு சுமார் 45 டிகிரியில் பின்னால் சாய வேண்டும். கையை நகர்த்தாமல் தரையை வெளிப்பக்கம் திருகுவது போல அழுத்திப் பாருங்கள், முழங்கை தானாக உள்ளே வரும். நேற்று அந்தப் பையன்களில் ஒருவனுக்கு இதைக் காட்டினேன். முப்பது எடுப்பவன் ஒன்பதில் நின்றுவிட்டு, “அண்ணே, இப்பத்தான் நெஞ்சுல பிடிக்குது” என்றான்.

இடுப்பு தொங்குவது

பிட்டத்தை இறுக்குங்கள், இடுப்பு நேராகிவிடும்.

பாதியில் திரும்புவது

முழுவதும் இறங்காமல் பாதியிலேயே எழுந்தால் அது கணக்கில் சேராது.

மூச்சை அடக்குவது

இறங்கும்போது இழுங்கள், எழும்போது விடுங்கள்.

முடியாமலே தரையில் போராடுவது

ஐந்துகூட ஒழுங்காக வரவில்லை என்றால் திண்ணையிலோ படிக்கட்டிலோ கையை ஊன்றி எடுங்கள். கை எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு சுலபம். பன்னிரண்டு சுத்தமாக வந்ததும் ஒரு படி கீழே இறங்குங்கள், அப்புறம் அடுத்த படி, அப்படியே தரைக்கு வந்துவிடலாம்.