டீனேஜ் பசங்களுக்கு சதை போட்டா வீட்ல என்ன பண்ணலாம்

மொதல்ல குண்டுன்னு கூப்புடறத நிறுத்துங்க. எங்க அக்கா பையன் சத்துவாச்சாரில பத்தாவது படிக்கறான், அந்த வார்த்தைக்கு பயந்தே மத்தியானம் டிபன் பாக்ஸ தொறக்காம வெச்சிருந்து, சாயந்தரம் டியூஷன் வாசல்ல ரெண்டு பப்ஸ், ஒரு கோலான்னு பசிய தீத்துக்குவான், அந்த 300 மில்லில மட்டும் கிட்டத்தட்ட 30 கிராம் சக்கரை, ஆறேழு டீஸ்பூன் வரும்! வேலூர் வெயிலுக்கு ஜில்லுனு கேக்கத்தான் செய்யும், அதனால உப்பு போட்ட மோர் ஒரு பாட்டில்ல குடுத்து விடுங்க.

பட்டினி மட்டும் போடாதீங்க, வளர்ற வயசு. ஆம்பூர் பிரியாணிய தடுக்க வேணாம், ஞாயித்துக்கெழமை அளவா சாப்புடட்டும், மத்த நாள் முட்டை, சுண்டல், கீரை.

தெனம் 60 நிமிஷம் மூச்சு வாங்கற மாதிரி வெளையாடணும், இல்ல கோட்டைப் பக்கம் வேகமா நடக்கணும், கூட நீங்களும் போங்க, தனியா அனுப்புனா ரெண்டு நாள்ல விட்ருவாங்க.

தூக்கம் 8லேந்து 10 மணி நேரம் வேணும், கொறஞ்சா பசி ஏறும். ராத்திரி போன் ஹால்லயே சார்ஜ் ஏறட்டும், உங்களுதும்தான்.

இடுப்பு சுத்தளவு உயரத்துல பாதிய தாண்டுனா டாக்டர்கிட்ட காட்டுங்க.