சோர்சரர் கிளாஸைத் திருத்தி அமைப்பது எப்படி?

மேசையைச் சுற்றி அமர்ந்து கதாபாத்திரங்களாக ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் மந்திரம் ஏவும் கிளாஸ் (கதாபாத்திரத்தின் தொழில் வகை) ஒன்று சோர்ந்து கிடப்பதாகத் தோன்றினால், அதற்கு மேலும் நான்கு சக்திகளைச் சேர்த்துவிடுவதே புதியவர்களின் முதல் வேலையாக இருக்கிறது. அதனால் கிளாஸின் பலம் கூடும். சோர்வுக்கான காரணம் அப்படியே இருக்கும். குறையைக் கண்டுபிடித்த பிறகே கைவைப்பது எப்படி என்பதை, ஐந்தாம் பதிப்பின் 2014ஆம் ஆண்டு விதிகளில் வரும் சோர்சரரைக் கொண்டு விளக்குகிறேன். அவ்விதிகளின் அடிப்படைத் தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளிவந்திருப்பதால், மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு உங்கள் திருத்தத்தைப் பிறருக்கும் வழங்கலாம்.

படி 1: இந்தக் கிளாஸ் எதற்காக இருக்கிறது?

2000இல் மூன்றாம் பதிப்பில் சோர்சரர் அறிமுகமானபோது அதற்குத் தெளிவான காரணம் இருந்தது. படித்து மந்திரம் கற்கும் விசார்ட், எந்த ஸ்லாட்டில் (ஒரு மந்திரத்தை ஒரு முறை ஏவ உதவும் இடம்; நாளுக்கு இத்தனைதான் என்று கணக்கு உண்டு) எந்த மந்திரம் என்று முன்கூட்டியே ஒதுக்கிவிட வேண்டும். ஒரே மந்திரம் இரண்டு முறை வேண்டுமென்றால் இரண்டு ஸ்லாட்டுகளில் அதையே நிரப்பிக்கொள்ள வேண்டும். இரத்தத்திலேயே மந்திரம் ஊறிய சோர்சரர் அறிந்த மந்திரங்களோ குறைவு; ஆனால் அவற்றில் எதையும், ஸ்லாட் மிச்சமிருக்கும்வரை, நினைத்த நேரத்தில் ஏவலாம். ஐந்தாம் பதிப்பு இந்தச் சுதந்திரத்தை விசார்டுக்கும் கொடுத்துவிட்டது. அதன்பின் சோர்சரருக்கென்று தனியாக மிஞ்சியது மெட்டாமேஜிக், அதாவது மந்திரத்தை ஏவும் விதத்தையே வளைக்கும் திறன். ஆகவே ஒவ்வொரு திருத்தத்தின்போதும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இதனால் ஆட்டக்காரர் மெட்டாமேஜிக்கை அதிகம் பயன்படுத்துவாரா?

படி 2: எண்ணிப் பாருங்கள்

ஐந்தாம் லெவலில் (லெவல் என்பது கதாபாத்திரத்தின் வளர்ச்சிப் படி) சோர்சரருக்கு 6 மந்திரங்கள் தெரியும். அதே லெவலில், புத்திக்கூர்மை 18 உள்ள விசார்ட் ஒரு நாளைக்கு 9 மந்திரங்களைத் தயார் செய்துகொள்ளலாம். அவர் ஏட்டில் குறைந்தது 14 இருக்கும். இருபதாம் லெவலில் சோர்சரருக்கு 15; புத்திக்கூர்மை 20 உள்ள விசார்டுக்கு 25.

இதைவிட முக்கியமானது, மெட்டாமேஜிக்குக்கும் புதிய ஸ்லாட்டுக்கும் செலவாகும் சோர்சரி புள்ளிகளின் கணக்கு. ஐந்தாம் லெவலில் 5 புள்ளிகள் கிடைக்கின்றன. மெட்டாமேஜிக்கால் ஒரு மந்திரத்தை போனஸ் ஆக்ஷனாக (தன் முறையில் வழக்கமான ஆக்ஷனுக்கு மேல் செய்யும் சிறு செயல்) விரைவுபடுத்த 2 புள்ளிகள். புதிதாக ஒரு மூன்றாம் நிலை ஸ்லாட்டை (நிலை என்பது மந்திரத்தின் வலிமை; லெவல் வேறு) உருவாக்க 5 புள்ளிகள். அதில் நெருப்புக்குண்டு மந்திரமான ஃபயர்பால் இன்னொன்று என்றால் சராசரியாக 28 சேதம், அதுவும் 20 அடி ஆரத்துக்குள் நிற்கும் எல்லாருக்கும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும் எவரும் புள்ளிகளை ஸ்லாட்டாக மாற்றிவிடத்தான் நினைப்பார். என் மேசையில் ஓர் ஆட்டக்காரர் நான்கு அமர்வுகளிலும் மெட்டாமேஜிக்கை ஒரே ஒரு முறைதான் பயன்படுத்தினார். அதையும் நான் நினைவூட்டிய பிறகுதான். கிளாஸின் அடையாளமான மெட்டாமேஜிக்கும் எரிபொருளான ஸ்லாட்டும் ஒரே பையிலிருந்து செலவாவதுதான் இங்கே குறை.

படி 3: மந்திரங்களைக் கூட்டுங்கள், ஆனால் அளவோடு

சோர்சரரின் வம்சத்தைப் பொறுத்து 1, 3, 5, 7, 9ஆம் லெவல்களில் தலா ஒரு மந்திரத்தை இலவசமாகக் கொடுங்கள். 2020இல் வந்த இரண்டு உபகிளாஸ்கள், அதாவது சோர்சரரின் உட்பிரிவுகள், ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டிரண்டாக, மொத்தம் பத்துக் கொடுத்தன. அது கூடுதல் என்பது என் கருத்து. ஒன்று வீதம் கொடுத்தால் ஐந்தாம் லெவலில் 6 உடன் 3 சேர்ந்து 9 ஆகி, விசார்டின் எண்ணிக்கையைச் சரியாகத் தொடும். இருபதில் 20 ஆகி, அவரைவிடக் கீழேயே நிற்கும்.

எந்த மந்திரங்களைக் கொடுப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். டிராகன் வம்சத்தவருக்கு ஃபயர்பாலைக் கொடுக்காதீர்கள். கொடுக்காவிட்டாலும் அவர் அதைத்தான் எடுப்பார். இருக்கும் சொற்ப இடங்களில் ஒன்றை யாரும் செலவழிக்க மனம் வராத, ஆனால் வம்சத்துக்குப் பொருந்தும் மந்திரங்களையே தேர்ந்தெடுங்கள்: முதல் நிலையில் விழும் வேகத்தைக் குறைக்கும் ஃபெதர் ஃபால், இரண்டாவதில் பொருள் இருக்கும் திசையைக் காட்டும் லொகேட் ஆப்ஜெக்ட், மூன்றாவதில் அச்சமூட்டும் ஃபியர். புதையலை மோப்பம் பிடிக்கும் டிராகனின் பேரனுக்கு லொகேட் ஆப்ஜெக்ட் எவ்வளவு பொருத்தம் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

படி 4: புள்ளிகள் திரும்பி வரட்டும்

மூன்றாம் லெவலிலிருந்து, நாளுக்கு ஒரு முறை, ஒரு மணி நேரக் குறு ஓய்வின் முடிவில், லெவலில் பாதி அளவு (பின்னத்தை விட்டுவிட்டு) புள்ளிகள் திரும்பக் கிடைக்கும் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஐந்தாம் லெவலில் இது 2 புள்ளிகள்: ஒரு விரைவுபடுத்தலுக்குப் போதும், மூன்றாம் நிலை ஸ்லாட்டுக்குப் போதாது. அதே ஓய்வில் விசார்ட் தன் மீட்புத் திறனால் ஒரு மூன்றாம் நிலை ஸ்லாட்டையே திரும்பப் பெறுகிறார் என்பதால், இதை யாரும் அநியாயம் என்று சொல்ல முடியாது.

மூல விதிப்படி இருபதாம் லெவலில்தான் குறு ஓய்வில் 4 புள்ளிகள் திரும்பும். நாம் அதைக் கீழே இறக்கிவிட்டதால் அங்கே ஓர் இடம் காலியாகிறது. என் மேசையில் எந்தக் கதையும் பன்னிரண்டாம் லெவலைத் தாண்டியதில்லை என்பதால் நான் அதை நிரப்பவில்லை.

படி 5: ஆடிப் பாருங்கள்

3, 5, 11 ஆகிய லெவல்களில், ஒரே சண்டையை ஒரு முறை பழைய சோர்சரரோடும் ஒரு முறை புதியவரோடும் ஆடுங்கள். ஒரு சண்டையோடு நிறுத்தினால் எல்லாப் புள்ளிகளும் அதிலேயே கொட்டப்பட்டு முடிவு பொய்யாகிவிடும். நடுவில் ஒரு குறு ஓய்வோடு மூன்று சண்டைகளாவது வேண்டும். தன் முறை வரும்போது போனஸ் ஆக்ஷனில் மந்திரம் ஏவியவர், அதே முறையில் ஆக்ஷனில் கேன்ட்ரிப் (ஸ்லாட் செலவாகாத எளிய மந்திரம்) மட்டுமே ஏவலாம் என்ற விதியை மறந்துவிடாதீர்கள். அதை மறந்தால் ஒரே முறையில் இரண்டு ஃபயர்பால் விழும். உங்கள் திருத்தம்தான் ஆட்டத்தைக் கெடுத்தது என்று தவறாக முடிவு செய்வீர்கள். ஐந்தாம் லெவலில் விதிப்படி ஆடினால் ஒரு ஃபயர்பாலும் கேன்ட்ரிப்பான ஒரு ஃபயர் போல்ட்டும் சேர்ந்து, இரண்டுமே பலித்தால், ஓர் எதிரிக்குச் சராசரியாக 39 சேதம்.

சேதத்தோடு சேர்த்து, புள்ளிகள் எதற்குச் செலவாயின என்பதையும் ஒரு தாளில் இரண்டு பத்திகளாகக் குறித்து வையுங்கள்: ஒன்று மெட்டாமேஜிக்குக்கு, மற்றொன்று ஸ்லாட்டுக்கு. ஸ்லாட் பத்தியே இன்னும் நீண்டிருந்தால், படி 4க்குத் திரும்பி ஸ்லாட்டின் விலையை ஒரு புள்ளி ஏற்றிப் பாருங்கள். படி 3ஐத் தொட வேண்டாம்.