மார்மன் சபை உறுப்பினர் பதிவிலிருந்து முறைப்படி விலகுவது எப்படி?

மார்மன் சபைக்கு, அதாவது பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபைக்கு, ஞாயிறுதோறும் போவதை நிறுத்திவிட்டால் மட்டும் விலகியதாக ஆகிவிடாது. உங்கள் பெயரில் உள்ள உறுப்பினர் பதிவு அப்படியே இருக்கும். வீடு மாறினால் அதுவும் புது வட்டாரத்து வார்டுக்கு (உள்ளூர்ச் சபைப் பிரிவுக்கு) மாறும், அங்கிருந்தும் ஆள் வந்து கதவைத் தட்டுவார்கள். பெயரை எடுக்க, நீங்களே எழுத்தில் ராஜினாமா கொடுக்க வேண்டும்.

சிலர் கொஞ்சம் பொறுக்க வேண்டும்

சபையே நடத்தும் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் படிக்கும் உறுப்பினர்கள் பட்டம் கையில் வரும்வரை இதைத் தொடாதீர்கள். முறைப்படி விலகினால் சபைத் தலைவர் தரும் ஒப்புதல் போய்விடும், அது இல்லாமல் படிப்பைத் தொடர முடியாது. சபையிலேயே சம்பளம் வாங்குபவர்களுக்கு வேலையே போகலாம்.

1. முதலில் காகிதங்களை எடுத்துவையுங்கள்

விலகிய பிறகு உறுப்பினர் பக்கங்கள் திறக்காது. ஆகவே தசமபாக ரசீதுகள் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை கொடுத்ததற்கானவை; அமெரிக்க வருமான வரிக்குத் தேவைப்படும்), கோத்திரத் தகப்பன் ஆசீர்வாதத்தின் (சபை உறுப்பினருக்குத் தனிப்பட்ட முறையில் சொல்லி எழுதித் தரும் ஆசீர்வாதம்) பிரதி எல்லாவற்றையும் முன்கூட்டியே இறக்கிக்கொள்ளுங்கள். கூடவே உங்கள் உறுப்பினர் பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று, நான்கு, நான்கு என்று பிரிந்த 11 இடங்கள். கடைசி இடத்தில் எழுத்தும் வரலாம். ஆலயத்துக்குள் நுழையச் சபை தரும் பிரவேச அட்டையிலும் இந்த எண் இருக்கும்.

2. எந்த வழி?

வழி இரண்டு. ஒன்று, உங்கள் வார்டின் தலைவரான பிஷப்பிடம் கொடுப்பது. அவர் உங்களைச் சந்தித்துப் பேசிப் பார்ப்பார், பிறகு ஸ்டேக் (பல வார்டுகள் சேர்ந்த வட்டாரம்) தலைவருக்கு அனுப்புவார், அவர் தலைமையகத்துக்கு அனுப்புவார். சிறிய கிளைகளில் பிஷப்புக்குப் பதில் கிளைத் தலைவர். பிஷப் சம்பளமில்லாத ஊழியர்; சபையின் தலைமையகம் இருக்கும் அமெரிக்க மாநிலமான யூட்டாவில் பெரும்பாலும் உங்கள் தெருக்காரராகவே இருப்பார். அந்தப் பேச்சு வேண்டாமென்றால் இரண்டாவது வழி: நோட்டரி முன் கையெழுத்திட்ட கடிதத்தை நேராகத் தலைமையகத்துக்கு அனுப்புவது. யாரும் தொடர்புகொள்ள வேண்டாம் என்பவர்களுக்கு சபையின் கையேடே தரும் வழி இது. பெரும்பாலானோருக்கு இதுதான் நிம்மதி.

3. கடிதம்

ஆங்கிலத்தில் ஒரு பக்கம் போதும். முழுப்பெயர், பிறந்த தேதி, இப்போதைய முகவரி, பதிவு எண். திருமணத்தில் பெயர் மாறியிருந்தால் பழைய பெயரும் கட்டாயம். பதிவோடு பொருந்தாத கடிதம் திரும்பி வரக்கூடும். அதற்குக் கீழே மூன்று வாக்கியங்கள்:

"இந்தத் தேதியிலிருந்து உறுப்பினர் நிலையை ராஜினாமா செய்கிறேன். இதன் விளைவுகள் எனக்குத் தெரியும், முடிவை மாற்றிக்கொள்ள மாட்டேன். உறுதிக் கடிதம் தவிர வேறு தொடர்பு வேண்டாம்."

"அனுமதி தாருங்கள்" என்று எழுதாதீர்கள். விலகுவது உங்கள் உரிமை. விலகிவிட்ட ஒருவர்மேல் சபை ஒழுங்கு நடவடிக்கை எடுக்க முடியாது என்று அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநில உச்ச நீதிமன்றம் 1989-இல், வேறொரு சபை சம்பந்தப்பட்ட வழக்கில், சொல்லியிருக்கிறது. காரணங்களையும் அடுக்க வேண்டாம். காரணம் சொன்னால் சமாதானம் பேச ஆள் வரும்.

ஒருவருக்கு ஒரு கடிதம். குடும்பம் முழுவதையும் ஒரே தாளில் போட்டால் குழப்பம்தான். பதினெட்டு வயதாகாத பிள்ளை விலகுவதென்றால், சட்டப்படி பொறுப்பில் இருக்கும் பெற்றோரின் கையெழுத்தும் வேண்டும்.

4. நோட்டரி

அதிகம் பேர் சறுக்கும் இடம் இது. வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். கையெழுத்து இடத்தைக் காலியாக விட்டு, புகைப்பட அடையாள அட்டையோடு போய், நோட்டரியின் கண்ணெதிரே போடுங்கள். முன்பே போட்டிருந்தால் அவர் புதுப் பிரதி கேட்கக்கூடும். முத்திரை எழுத்துகள்மேல் விழாதபடி அடியில் நாலு விரல் இடம் விடுங்கள். அவர் சரிபார்ப்பது ஆளையும் கையெழுத்தையும்தான். கடிதத்தில் இருப்பது சரியா தவறா என்பது அவர் வேலையல்ல, கூச்சப்பட வேண்டியதில்லை. பல வங்கிகள் தங்கள் வாடிக்கையாளருக்கு இதை இலவசமாகவே செய்து தருகின்றன.

5. அனுப்புவது

முத்திரையிட்ட கடிதத்தைப் படம் எடுத்துவைத்துவிட்டு, அசலை அனுப்புங்கள்: மெம்பர் அண்ட் ஸ்டாட்டிஸ்டிகல் ரெக்கார்ட்ஸ், 50 ஈஸ்ட் நார்த் டெம்பிள் ஸ்ட்ரீட், சால்ட் லேக் சிட்டி, யூட்டா 84150. உறையின்மேல் ஆங்கிலத்தில் எழுதுங்கள். சர்டிஃபைட் மெயிலில் (அமெரிக்கப் பதிவுத் தபால் போன்றது), ஒப்புகை அட்டையுடன் அனுப்பினால் போய்ச் சேர்ந்ததற்குச் சான்று இருக்கும்.

என்னென்ன போகும்?

ஞானஸ்நானம், ஆசாரியத்துவம், ஆலய முத்திரிப்பு (குடும்பத்தை என்றென்றைக்குமாக இணைக்கும் சடங்கு) எல்லாமே சபையின் கணக்கில் ரத்து. சிவில் திருமணத்துக்கு எதுவும் ஆகாது. பின்னாளில் திரும்ப வர நினைத்தால் நேர்காணலும் மறு ஞானஸ்நானமும் உண்டு. ஆலய ஆசீர்வாதங்கள் மீள அதற்கு மேலும் ஒரு வருடமாவது ஆகும், பிரதான தலைமையின் (சபையின் உச்ச நிர்வாகக் குழு) ஒப்புதலும் வேண்டும். குடும்பம் என்றென்றைக்கும் ஒன்றாக இருக்கும் என்று நம்பி வளர்த்த அம்மாவுக்கு, முத்திரிப்பு ரத்து என்பது சாவுச் செய்தி மாதிரி. வார்டு பட்டியலில் உங்கள் பெயர் இல்லாததை வேறு யாரோ சொல்லி அவர் அறியக் கூடாது. கடிதத்தைத் தபாலில் போடும் முன்பே நீங்களே உட்கார்ந்து சொல்லிவிடுங்கள்.

6. உறுதிக் கடிதம்

பெயர் நீக்கப்பட்டதாகத் தலைமையகத்திலிருந்து ஒரு சிறு கடிதம் வரும். வராவிட்டால் ஒப்புகை அட்டையின் நகலோடு மறுபடி எழுதுங்கள். வந்த கடிதத்தைப் பிறப்புச் சான்றிதழ் இருக்கும் கோப்பிலேயே வையுங்கள். அதற்குப் பிறகும் வார்டிலிருந்து ஆள் வந்தால், அதன் நகலைக் காட்டினால் போதும்.