இரவு இரண்டு மணிக்கு யார் தூக்குவார்கள்? முதியோர் இல்லத்தில் தீப்பாதுகாப்பைச் சோதிக்கும் முறை

மதிப்பீட்டுக்குப் போகும் இல்லங்களில் என்னை முதலில் அலுவலக அறையில் உட்காரவைத்து, காபி கொடுத்து, தீயணைப்புத் துறை தந்த தடையின்மைச் சான்றின் நகலை நீட்டுவார்கள். தேதியைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். எனக்கு வேண்டியது இரவு டியூட்டி அட்டவணை. இரவு இரண்டு மணிக்கு அந்தக் கட்டடத்தில் கண்விழித்திருப்பவர்கள் எத்தனை பேர், அவர்களில் ஒரு ஆளைத் தூக்கும் தெம்புள்ளவர்கள் எத்தனை பேர்? தீயணைப்புத் துறையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நான் செய்யும் சோதனை எல்லாம் இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது. இல்லம் நடத்துபவர்கள் என்னைப் போன்ற ஆளுக்குக் காத்திராமல் தாங்களே இதைச் செய்யலாம்.

கட்டடத்தைச் சுற்றுவதற்கு முன் ஆட்களின் பட்டியலை எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேரே, தானாக நடப்பவரா, கைபிடித்தால் நடப்பவரா, சக்கர நாற்காலியா, படுத்த படுக்கையா என்று குறிக்க வேண்டும். பெரும்பாலோர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். பகலில் தோட்டத்தைச் சுற்றி வரும் தாத்தா இரவில் தூக்க மாத்திரை போட்டுக்கொள்கிறார் என்றால், இரவுக் கணக்கில் அவர் படுக்கையாளர்தான். காது கேட்கும் கருவியைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்கும் அம்மாளுக்கு எச்சரிக்கை மணி இருந்தும் இல்லாததுதான். மறதி நோய் உள்ளவரை வெளியே கொண்டுவந்து நிறுத்திய பிறகும், பழக்கத்தில் தன் அறையைத் தேடித் திரும்பி நடப்பார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்க ஒருவர் தேவை. சிறுநீர்க் குழாயும் ஆக்ஸிஜன் குழாயும் போட்டவர்களுக்கு அவற்றைக் கழற்றவோ சேர்த்து எடுத்துவரவோ தெரிந்தவர் யார் என்று எழுதுங்கள். உடல் எடையையும் எழுதுங்கள். 45 கிலோ பாட்டியை ஒரு ஆயா இழுத்துவிடுவார். 90 கிலோ பெரியவரை இழுக்க முடியாது.

அடுத்து நேரம் பார்க்க வேண்டும். முதியவர்களை வைத்து இதைச் செய்யவே கூடாது. பணியாளர் ஒருவரைக் கட்டிலில் படுக்கவையுங்கள். இரவு வேலைக்கு வருகிற அதே இரண்டு பேர், படுக்கை விரிப்போடு அவரைத் தரையில் இறக்கி, தலைப்பக்கத்து விரிப்பைச் சுருட்டிப் பிடித்து, தலை தரையில் இடிக்காமல் இழுத்து வாசல்வரை வரட்டும். பிறகு மீண்டும் மாடியேறி அடுத்த அறைக்குப் போகட்டும். போய் வர மூன்று நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். மாடியில் பன்னிரண்டு பேர் படுக்கையில் இருந்தால் 36 நிமிடம். நுரை மெத்தை ஒன்று பற்றினால் நடைவழி முழுவதும் கரும்புகை நிறைய அதில் ஒரு சிறு பங்கு நேரம் போதும். இதைக் கேட்டதும் இல்லத்துக்காரர் முகம் மாறும். நான் பேச்சை நிறுத்திவிட்டு அவரையே கணக்குப் போட விடுவேன்.

ஆகவே, மாடிப்படியில் எல்லாரையும் இறக்கிவிடலாம் என்ற நம்பிக்கையை விட்டுவிட வேண்டும். லிஃப்டை எண்ணவே கூடாது. செய்யக்கூடியது, தீப்பிடித்த பகுதியிலிருந்து அதே தளத்தில் மறு பகுதிக்கு நகர்த்துவது. நீளமான நடைவழியின் நடுவே தானாக மூடிக்கொள்ளும் தீத்தடுப்புக் கதவு ஒன்றைப் போட்டு, அதன் சுவரைக் கூரைவரை இடைவெளியின்றி எழுப்பினால் ஒரு தளம் இரண்டாகும். பொய்க்கூரைக்கு மேலே சுவர் நின்றுபோயிருக்கிறதா என்று ஒரு பலகையை நீக்கிப் பாருங்கள். புகை அந்த வழியாகத்தான் நழுவும். கதவுக்குப் பணமில்லை என்கிறீர்களா? படுக்கையாளர்களைத் தரைத்தளத்துக்கு மாற்றுங்கள், செலவே இல்லை. தாழ்வாரம் வைத்த தரைத்தள அறைக்கு அதிகக் கட்டணம் கிடைக்கிறது என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். அவருக்குப் பதில் சொல்லவில்லை, அறிக்கையில் எழுதினேன்.

ஸ்காட்லாந்தில் உடிங்ஸ்டன் என்ற ஊரில், ரோஸ்பார்க் இல்லத்தில் 2004 ஜனவரி 31 அதிகாலையில் 14 முதியவர்கள் இறந்தார்கள். மின்விநியோகப் பெட்டி இருந்த ஓர் அலமாரி அறையில் தீ தொடங்கியது. பல படுக்கையறைக் கதவுகள் திறந்து கிடந்தன, புகை நேராக உள்ளே போனது. மணி அடித்ததும் பணியாளர்கள் முதலில் தீ எங்கே என்று தேடினார்கள். தீயணைப்புத் துறைக்கு அழைப்பு போகத் தாமதமானது. இந்த மூன்றையும் உங்கள் இல்லத்தில் வைத்துப் பாருங்கள். மெயின் போர்டு இருக்கும் இடத்தில் பழைய மெத்தையும் டயப்பர் மூட்டையும் அடுக்கியிருந்தால் இன்றே எடுங்கள். இரவில் அறைக் கதவுகளைச் சாத்திவையுங்கள். காற்று வேண்டும், நோயாளி தெரிய வேண்டும் என்று கல்லை முட்டுக் கொடுத்துத் திறந்துவைக்கும் பழக்கம் நம் ஊரில் எங்கும் உண்டு. திறந்தேதான் வைக்க வேண்டுமென்றால், மணி அடித்ததும் விடுபட்டு மூடும் காந்தப் பிடிப்பான் கிடைக்கிறது.

பூட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் ஒரு கொட்டகையில் வெந்து இறந்தார்கள். அதற்குப் பிறகு சங்கிலி போடக்கூடாது என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்திலேயே வந்துவிட்டது. இப்போதும் நான் பார்ப்பது கிரில் கேட்டும் தொங்கு பூட்டும். மறதி நோயாளி தெருவுக்குப் போய்விடுவார் என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் சாவி மேலாளரின் கைப்பையோடு வீட்டுக்குப் போய்விடுகிறது. சோதனை எளிது: விளக்கை அணைத்துவிட்டு இரவுக் காவலாளியிடம் கொல்லைப்புற கேட்டைத் திறக்கச் சொல்லுங்கள். சாவிக்கொத்தில் அவர் தடவுவதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். மணி அடித்தாலும் மின்சாரம் போனாலும் தானாக விடுபடும் மின்பூட்டு நல்லது. அதுவரை ஒரே சாவியில் எல்லாப் பூட்டும் திறக்கும்படி மாற்றி, டியூட்டியில் இருக்கும் ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு சாவி தொங்கட்டும். ஒரு சன்னலின் கம்பிச் சட்டமாவது உள்ளிருந்து திறப்பதாக இருக்க வேண்டும்.

இனி தீ பிறக்கும் இடங்கள். சமையலறையைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். கேஸ் சிலிண்டர் வெளியே, குழாய் காலாவதியாகாமல், அவ்வளவுதான். படுக்கையறைதான் கவனம் பெறாத இடம். ஆக்ஸிஜன் தானாக எரியாது, மற்றவை எரியும் வேகத்தைக் கூட்டும். கருவியை நிறுத்திய பிறகும் போர்வையிலும் உடையிலும் அது சிறிது நேரம் தங்கியிருக்கும். அந்த அறைக்குள் அகல் விளக்கு, ஊதுபத்தி, கொசுவர்த்திச் சுருள் எதுவும் கூடாது. சிலிண்டர் வால்வில் எண்ணெய்க் கை படக்கூடாது. தோல் வறட்சிக்குத் தடவும் பெட்ரோலியம் ஜெல்லி போன்ற களிம்புகள் துணியில் ஊறினால் சலவைக்குப் பிறகும் முழுதாகப் போகாது; அந்த வேட்டியில் ஒரு பீடிப் பொறி விழுந்தால் சட்டென்று பற்றும். பூசை அறையை மூடச் சொல்ல மாட்டேன், சொன்னாலும் கேட்க மாட்டார்கள். விளக்கை உலோகத் தட்டில், திரைச்சீலைக்குத் தள்ளி, ஒரு பணியாளர் கண்ணெதிரே ஏற்றி அணைக்கட்டும். காற்று மெத்தையின் மோட்டாரும் ஆக்ஸிஜன் கருவியும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகியிருந்தால், அந்தப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரி மாடிப்படிக்கு அடியில் இருக்கவே கூடாது. அது தப்பிக்கும் வழி.

தீயணைப்பான்களில் முள் பச்சையில் நிற்கிறதா, அதன் ஊசியை உருவ இரவு ஆயாவுக்குத் தெரியுமா என்று பார்த்தால் போதும். சிவப்புச் சிலிண்டரை எண்ணுவதில்தான் பல அறிக்கைகள் முடிந்துபோகின்றன.

மணி அடித்தால் முதல் வேலை 101 அல்லது 112. தேடிப் பார்த்துவிட்டு அழைப்பது அல்ல, அழைத்துவிட்டுத் தேடுவது. முகவரி, அருகிலுள்ள அடையாளம், படுக்கையில் எத்தனை பேர் என்ற மூன்றையும் தொலைபேசிக்கு மேலே பெரிய எழுத்தில் ஒட்டிவையுங்கள்.

அறிக்கையில் ஒவ்வொரு குறைக்கும் ஒரு பொறுப்பாளர், ஒரு தேதி. புதிதாக ஒருவர் சேர்ந்தாலோ, நடந்தவர் படுக்கையில் விழுந்தாலோ பட்டியலை அன்றே திருத்துங்கள். ஆண்டு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உள்ளூர் தீயணைப்பு நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதி ஒத்திகைக்கு அழையுங்கள், வருவார்கள். வண்டியோடு வரச் சொல்லுங்கள். கேட்டில் திரும்புகிறதா, மேலே மின்கம்பி தடுக்கிறதா, நிறுத்தி வைத்த கார்கள் வழிவிடுகின்றனவா என்று பாருங்கள். வண்டி உள்ளே வராவிட்டால், தண்ணீர்க் குழாயைத் தெருவிலிருந்து எவ்வளவு தூரம் இழுக்க வேண்டும் என்பதை அவர்களே அளந்து குறித்துக்கொள்வார்கள்.