3 டன் இழுக்கும் பிராடோவில் 150 கிலோ எங்கிருந்து வந்தது? கேரவன் எடைக் கணக்கு, படிப்படியாக

நம் ஊரில் கேரவன் என்றால் படப்பிடிப்பில் நடிகர்கள் ஏசியில் உட்கார்ந்திருக்கும் பஸ். ஆஸ்திரேலியாவில் அது நம் வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போகும் குட்டி வீடு. மெல்பர்னுக்கு வந்து பல வருடம் கழித்து, பழைய கேரவன் ஒன்றை வாங்கினோம். விற்றவர் என் டொயோட்டா வண்டியைப் பார்த்தார். “பிராடோவா? 3 டன் இழுக்கும். இது 2.4 டன்தான். கவலையே வேண்டாம்” என்றார்.

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் முதல் பயணத்துக்கு முன் எடை மேடையில் ஏற்றியபோது, கேரவன் வரம்புக்குள் இருந்தது, மொத்த எடையும் வரம்புக்குள் இருந்தது, வண்டி மட்டும் 150 கிலோ அதிகம். யானை நுழைந்து வால் மாட்டிய கதை. இந்தப் பதிவு அந்த வாலைப் பற்றியது.

கேரவனை எப்படிக் கொக்கியில் மாட்டுவது, விளக்கு ஒயரை எங்கே செருகுவது என்பதெல்லாம் இதில் வராது. அது பத்து நிமிடத்தில் பழகிவிடும்.

படி 1: உங்கள் உரிமம் போதுமா?

பெரும்பாலோருக்குப் போதும். ஆஸ்திரேலியாவில் சாதாரண கார் உரிமம், அதாவது சி வகுப்பு, 4.5 டன் ஜிவிஎம் வரையுள்ள வண்டிகளை ஓட்ட அனுமதிக்கும். ஜிவிஎம் என்பது ஆள், சாமான், எரிபொருள் எல்லாம் சேர்த்து வண்டி எட்டக்கூடிய உச்ச எடை. அன்றைக்கு நீங்கள் எவ்வளவு ஏற்றினீர்கள் என்பதை உரிமம் பார்க்காது. தகட்டில் அச்சிட்ட எண்ணைத்தான் பார்க்கும். என் பிராடோவின் ஜிவிஎம் 2,990 கிலோ, லேண்ட்குரூசர் 300க்கு 3,280. இரண்டுமே எல்லைக்கு வெகு தூரத்தில் இருக்கின்றன.

இங்கே பலர் குழம்புவது, வண்டியும் கேரவனும் சேர்ந்து 4.5 டன்னைத் தாண்டுகிறதே என்று. என் ஜோடி 5 டன்னுக்கு மேல். அதனால் ஒன்றுமில்லை, வகுப்பைத் தீர்மானிப்பது இழுக்கும் வண்டியின் ஜிவிஎம் மட்டும். லண்டனில் இருக்கும் என் அண்ணன், “அதற்குத் தனித் தேர்வு எழுத வேண்டாமா?” என்று கேட்டார். அது அவர்கள் ஊர்ப் பழைய விதி. அங்கேயும் 2021 டிசம்பர் 16 முதல் கார் உரிமத்திலேயே 3,500 கிலோ வரை ட்ரெய்லர் இழுக்கலாம். இந்தியாவின் எல்எம்வி உரிமத்துக்கு வரம்பு 7,500 கிலோ. ஊருக்கு ஊர் எண் மாறும், அதனால் சொந்தக்காரர்களிடம் கேட்டு முடிவு செய்யாதீர்கள்.

படி 2: ஏழு எண்களைத் தேடி எழுதுங்கள்

இதற்குச் செயலிகள் நிறைய உண்டு. எனக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. அவை உங்கள் வண்டியின் மாடலைக் கேட்டுத் தானாகவே எண்ணைப் போட்டுக்கொள்ளும், அந்த எண் உங்கள் வருடத்து மாடலுடையதாக இருக்கும் என்று உறுதி இல்லை. உதாரணத்துக்கு, டீசல் ஆட்டோமேட்டிக் பிராடோ 150இன் இழுவைத் திறன் 2017 ஆகஸ்டு வரை 2,500 கிலோ, அதற்குப் பிறகுதான் 3,000. ஒரு பழைய நோட்டும் பேனாவும் போதும்.

வண்டிப் பக்கம் நான்கு. ஜிவிஎம், ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் உள்ள தகட்டில் இருக்கும். ஜிசிஎம் என்பது வண்டியும் ட்ரெய்லரும் சேர்ந்த உச்ச எடை, இதைத் தேட வண்டியோடு வந்த கையேட்டைத்தான் புரட்ட வேண்டும். பிரேக் உள்ள ட்ரெய்லருக்கான இழுவைத் திறன் மூன்றாவது. நான்காவது கெர்ப் எடை: டேங்க் நிறைய எரிபொருளோடு, ஆளும் சாமானும் இல்லாத எடை.

விளம்பரங்களில் டேர் எடை என்று போட்டிருந்தால் உஷார். அதில் 10 லிட்டர் எரிபொருள்தான் சேர்த்தி. என் பிராடோவில் இரண்டு டேங்கும் சேர்ந்து 150 லிட்டர் பிடிக்கும். அந்த வித்தியாசம் மட்டுமே 115 கிலோவுக்கு மேல், ஒன்றரை ஆள் எடை.

கேரவன் பக்கம் மூன்று: அதன் டேர், ஏடிஎம், ஜிடிஎம். இந்த ஏடிஎம் பணம் தராது, வாங்கத்தான் செய்யும். கேரவனைக் கழற்றித் தனியாக நிறுத்தினால் அதன் மொத்த எடை எதைத் தாண்டக்கூடாதோ அதுதான் ஏடிஎம். வண்டியில் மாட்டிய பிறகு கேரவனின் சக்கரங்கள் மட்டும் தாங்கும் எடைக்கான வரம்பு ஜிடிஎம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எங்கே போகிறது என்ற கேள்வியை மனதில் வையுங்கள்.

ஜிடிஎம்மைப் பொறுத்துத்தான் பிரேக் விதியும். 750 கிலோ வரை ட்ரெய்லருக்குப் பிரேக் கட்டாயமில்லை. 2,000 வரை ஒரு அச்சிலாவது பிரேக் வேண்டும். 2,000ஐத் தாண்டினால் எல்லாச் சக்கரத்திலும் பிரேக், கூடவே கேரவன் கழன்று ஓடினால் தானாகப் பிரேக் பிடிக்கும் பிரேக்அவே அமைப்பு.

அப்புறம், டோ பாரிலும், அதாவது கேரவனை மாட்ட வண்டியின் பின்னால் பொருத்தும் இரும்புச் சட்டத்திலும், ஒரு தகடு இருக்கும், குனிந்து பாருங்கள். வண்டி 3,000 இழுக்கும், டோ பார் 2,500தான் தாங்கும் என்றால் உங்கள் வரம்பு 2,500. எது சின்னதோ அதுதான் செல்லும்.

படி 3: வீட்டுக் கணக்கு (நான் கோட்டை விட்ட இடம்)

என் வண்டியின் கெர்ப் எடை 2,325. ஜிவிஎம் 2,990. ஆக ஏற்றக்கூடியது 665 கிலோ. ஏதோ பெரிய எண் போலத் தோன்றும். ஒவ்வொன்றாக எழுதினேன்.

நாங்கள் நால்வர்: 204
டோ பாரும் அதன் கொக்கியும்: 45
முன்னால் பொருத்திய புல் பார் (இரும்புத் தடுப்புச் சட்டம்): 58
கூரைத் தட்டும் அதில் சுருட்டிய பந்தலும்: 45
டிக்கியில் இழுப்பறைப் பெட்டி, இரண்டாவது பேட்டரி: 75
நிரப்பிய ஃப்ரிட்ஜ்: 45
பைகள், கருவிகள், தண்ணீர் கேன், அரிசி, இட்லி கிரைண்டர்: 90

மொத்தம் 562. மீதி 103 கிலோ இருக்கிறதே என்று நோட்டை மூடிவிட்டேன்.

கவனித்தீர்களா? வண்டியில் தொழிற்சாலை பொருத்தாத எல்லாமே இந்த 665இல் இருந்துதான் கழியும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. புல் பாரைக்கூட மறக்கவில்லை. மறந்தது கேரவனை. அது பின்னால் வருகிறது, அதன் எடை அதன் சக்கரத்தில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் கேரவனின் மூக்கு வண்டியின் டோ பால் (ball, டோ பார் முனையில் உள்ள இரும்பு உருண்டை) மீது உட்கார்ந்திருக்கிறது. அந்த அழுத்தம், பால் எடை, முழுக்க முழுக்க வண்டியின் சுமை. வழக்கமாக அது கேரவன் எடையில் பத்தில் ஒரு பங்கு. ஏடிஎம்முக்கும் ஜிடிஎம்முக்கும் இடையில் காணாமல் போன எடை இதுதான், நம் தலையில் வந்து இறங்கியிருக்கிறது.

எனவே பட்டியலின் முதல் வரியிலேயே பால் எடையை எழுதிவிடுங்கள். ஆட்களுக்கும் முன்னால். 3 டன் இழுக்கப் போகிறவர் வண்டிக்குள் ஏற்றும் முன்பே 300 கிலோ ஏற்றிவிட்டார் என்று அர்த்தம்.

படி 4: எடை மேடையில் மூன்று முறை

பொது எடை மேடைகள் குவாரி, குப்பைக் கிடங்கு, தானியக் கிடங்கு பக்கம் இருக்கும். போகும் முன் போன் செய்து, கேரவனைக் கழற்ற அங்கே இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். லாரிகள் வரிசை கட்டும் காலை நேரம் வேண்டாம். குடும்பத்தோடு, பயணத்துக்குப் போவது போலவே எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போங்கள். என் மனைவி, “நாங்கள் எதற்கு? எடையைச் சொன்னால் கூட்டிக்கொள்ள மாட்டீர்களா?” என்றாள். கூட்டிக்கொள்ளலாம். ஆனால் பெரியவர்கள் யாரும் தன் எடையைச் சரியாகச் சொல்வதில்லை.

முதலில் வண்டி, கேரவன் இரண்டையும் மாட்டியபடி முழுசாக மேடையில் ஏற்றுங்கள். எனக்கு 5,220. பிராடோவின் ஜிசிஎம் 5,990, பிரச்சினை இல்லை.

அடுத்து, கழற்றாமல் அப்படியே முன்னால் நகர்த்தி, கேரவன் சக்கரம் மட்டும் மேடையில் இருக்கும்படி நிறுத்துங்கள். எனக்கு 2,080. கழித்தால் வண்டியின் நான்கு சக்கரமும் தாங்குவது 3,140. ஜிவிஎம்மைவிட 150 அதிகம்.

கடைசியாகக் கேரவனைக் கழற்றி, வண்டியை மட்டும் ஏற்றுங்கள். எனக்கு 2,900, வீட்டுக் கணக்கோடு கிட்டத்தட்ட ஒத்துப்போனது. 3,140இல் இதைக் கழித்தால் பால் எடை 240. 5,220இல் கழித்தால் கேரவனின் எடை 2,320, ஏடிஎம்மான 2,400க்குக் கீழே.

நான் போன மேடை 20 கிலோ படிகளில்தான் காட்டும். 5 டன்னுக்கு அது பரவாயில்லை, பால் எடைக்குப் போதாது. அதற்கென்று பால் ஸ்கேல் தனியாகக் கிடைக்கிறது, ஒன்று வாங்கி வையுங்கள். குளியலறைத் தராசின் மேல் பலகை வைத்து அளக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. நான் செய்து பார்த்தேன். இப்போது எங்கள் வீட்டில் குளியலறைத் தராசு இல்லை.

ஜிவிஎம்மோடு விட்டுவிடாமல் பின் அச்சின் வரம்பையும் பாருங்கள். பால் இருப்பது பின் அச்சுக்கும் பின்னால், அது சீசா மாதிரி வேலை செய்யும். பிராடோவில் முன், பின் அச்சு இடைவெளி 2.79 மீட்டர். பால் பின் அச்சிலிருந்து 1.2 மீட்டர் தள்ளி இருந்தால், 240 கிலோ பால் எடை பின் அச்சில் சுமார் 343 கிலோவாக விழும். கூடுதலான 103 கிலோ முன் சக்கரங்களில் இருந்து எழும்பி வந்தது. ஸ்டியரிங் லேசாகிவிட்டது என்று கேரவன்காரர்கள் சொல்வது இதைத்தான். எடைப் பகிர்வுக் கம்பி (வண்டிக்கும் கேரவனுக்கும் இடையே பூட்டும் ஸ்பிரிங் கம்பி) போட்டால் கொஞ்சம் முன்னால் திரும்பப் போகும், ஆனால் ஏற்றிய சாமான் குறையாது, அதை மந்திரம் என்று நினைக்க வேண்டாம்.

படி 5: குறைப்பது

இழுப்பறைப் பெட்டியைக் கழற்றினேன், இரண்டாவது பேட்டரியும் போயிற்று. 75 கிலோ மிச்சம். ஃப்ரிட்ஜையும் டிக்கிச் சாமானில் 50 கிலோவையும் கேரவனுக்குள், அதன் அச்சுக்கு நேர் மேலே மாற்றினேன். வண்டியில் 170 குறைந்தது.

ஆனால் கேரவன் 95 கிலோ ஏறி 2,415 ஆகிவிட்டது. ஏடிஎம் 2,400! ஒரு பக்கம் அமுக்கினால் இன்னொரு பக்கம் புடைக்கிறது. என் கேரவனில் 95 லிட்டர் தண்ணீர் டேங்க் இரண்டு, ஒன்று அச்சுக்கு முன்னால், ஒன்று பின்னால். முன் டேங்கைக் காலி செய்தேன். கேரவன் மறுபடி 2,320, பால் எடையும் கொஞ்சம் இறங்கியது. இரண்டாவது முறை மேடையில் வண்டி 2,960 காட்டியது. அன்றைக்கு இட்லி கிரைண்டர் வீட்டோடு நின்றுவிட்டது, மாவை டப்பாவில் எடுத்துப்போனோம்.

பின்சேர்க்கை 1

முன் டேங்கைக் காலி செய்ததாகச் சொன்னதும், இந்தப் பதிவைப் படித்த சிலர் சாமானையெல்லாம் கேரவனின் பின் மூலைக்குத் தள்ளிவிட்டதாக எழுதியிருந்தார்கள். தயவுசெய்து வேண்டாம். பால் எடை மிகவும் குறைந்தால், வேகத்தில் கேரவன் பாம்பு போல ஆட ஆரம்பிக்கும், வண்டியையும் சேர்த்து ஆட்டும். பத்து சதவீதத்தை ஒட்டியே வையுங்கள், கனமானதெல்லாம் அச்சுக்கு மேல், தரையோடு.

பின்சேர்க்கை 2

“ஜிவிஎம்மைக் கூட்டித் தருகிறார்களாமே?” ஆம், வேறு ஸ்பிரிங் போட்டுச் சான்று வாங்கலாம். வண்டியைப் பதிவு செய்யும் முன் செய்தால் நாடு முழுக்கச் செல்லும். பதிவுக்குப் பிறகு என்றால் அந்தந்த மாநில விதிப்படி, எங்கள் விக்டோரியாவில் விஏஎஸ்எஸ் சான்று (மாநிலம் அங்கீகரித்த பொறியாளர் தருவது) வேண்டும். ஜிவிஎம் ஏறினால் ஜிசிஎம்மும் தானாக ஏறிவிடாது, கேட்டுக்கொண்டு பணம் கட்டுங்கள். என் வண்டியில் ஜிசிஎம்மில் நிறைய இடம் இருக்கிறது, அதனால் எனக்கு உதவும். 2020இல் வந்த இசுசு டி-மேக்ஸ் 4x4 வைத்திருப்பவர் யோசிக்க வேண்டும். ஜிவிஎம் 3,100, இழுவைத் திறன் 3,500, கூட்டினால் 6,600. ஜிசிஎம்மோ 5,950. 3,500 கிலோவைக் கட்டினால் வண்டிக்கு மிஞ்சுவது 2,450தான்.

பின்சேர்க்கை 3

மகன் இப்போதுதான் உரிமம் எடுத்தான், நெடுஞ்சாலையில் கொஞ்ச நேரம் அவனிடம் கொடுக்கலாமா என்று ஒரு அக்கா கேட்டிருந்தார். விக்டோரியாவிலும் நியூ சவுத் வேல்ஸிலும் எல் போர்டில் இழுக்கவே கூடாது. விக்டோரியாவில் சிவப்பு பி (புது ஓட்டுநரின் முதல் கட்ட உரிமம்) வைத்திருந்தாலும், வேலை போன்ற சில விலக்குகள் தவிர, இழுக்க முடியாது. நியூ சவுத் வேல்ஸில் முதல் கட்ட பி உரிமத்துக்கு 250 கிலோ வெற்று எடை வரையுள்ள ட்ரெய்லர் மட்டும். அடுத்த கட்டமான பச்சை பி வரும்வரை அவன் பின் இருக்கையில்தான், அக்கா. அவன் எடையையும் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.